காவேரியின் முகம்

சாந்தோம்
9 ஜூன் 2024

அன்புள்ள மாமா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத உட்கார்ந்தேன். நலம் என்பது பாதிதான் உண்மை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் நவம்பரில் கப்பல் ஏறும்போது பார்த்த காவேரி இப்போது இல்லை. குண்டாகிவிட்டேன். அதுவும் ஒழுங்கான குண்டு இல்லை. முகம் பன் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. வயிறு முன்னே வந்துவிட்டது. கையும் காலும் மட்டும் முன்பைவிட இளைத்துக் கிடக்கின்றன. உருளைக்கிழங்கில் தீக்குச்சி செருகி வைத்த பொம்மை மாதிரி இருக்கிறேன். கப்பலில் கொடுக்கிற நெட் எழுத்துக்கு மட்டும்தான் தாங்கும், போட்டோ ஏறாது என்று நீங்கள் சொன்னபோது வருத்தப்பட்டேன். இப்போது அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பார்லரில் கல்யாண சீசன். குல்ஷன் அக்கா மணப்பெண் அலங்காரம் முழுவதையும் என் கையிலேயே விட்டுவிட்டார். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு எதிரே நிற்கிற வேலை அல்லவா? பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் என் முகமும் தெரிகிறது. நான் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொள்கிறேன். பார்லர் இருப்பது இரண்டாம் மாடி என்பது இதுவரை எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு படியும் தெரிகிறது. கால் அழகு செய்யும் முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அத்தை நன்றாக இருக்கிறார். மீன் மார்க்கெட்டில் அவருக்குப் புதுக் கடை கொடுத்தும் பழைய இடத்தில்தான் உட்காருவேன் என்று ஒரு வாரம் சண்டை போட்டார். இப்போது புதுக் கடையில் உட்கார்ந்து, மேலே ஃபேன் இருக்கிறது என்று எல்லாரிடமும் பெருமை அடிக்கிறார். என்னைப் பார்த்து, "நல்லாத்தான் கீறே, கல்யாணத்தப்போ காஞ்ச கருவாடு மாதிரி இருந்தே" என்கிறார். அந்த அன்பை நம்பித்தான் நாள் ஓடுகிறது.

நீங்கள் எழுதும் கடிதத்தில் பாதி அலை, பாதி இன்ஜின் சூடு. என்னைப் பற்றி ஒரு வரிதான். அடுத்த முறை அந்தக் கணக்கை மாற்றுங்கள்.

அன்புடன்,
காவேரி


அட்லாண்டிக் நடுவில்
28 ஜூன் 2024

என் அன்பு காவேரிக்கு,

உன்னைப் பற்றி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். சென்ற மாதம் சாண்டோஸ் துறைமுகத்தில் நல்ல நெட் கிடைத்தது. குளித்து, சட்டை மாற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து வீடியோ போட்டேன். நீ ஃபோனை மேலே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாய். அரை மணி நேரம் நம் வீட்டு ஃபேனோடு குடும்பம் நடத்தினேன். அதன் ஒரு இறக்கையில் ஒட்டடை இருக்கிறது, துடைக்கச் சொல்.

உப்பிப் போனால் என்ன? எங்கள் சீஃப் குக் ஆறு மாதத்தில் மூன்று பேண்ட் அளவு மாறியிருக்கிறார், அவர் மனைவி அவரை வேண்டாம் என்றா சொல்லப் போகிறாள்? ஆனால் எழுந்திருக்கக் கை வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தோரு வயதில் அது என்ன? சாந்தோமிலேயே ஒரு கிளினிக்கில் காட்டு. சிரித்துக்கொண்டே எழுதி என்னை ஏமாற்றாதே. சங்கடம் வந்தால் நீ ஜோக் அடிப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே நான் இன்ஜின் அறையில் ஃபிட்டர் வேலையோடு, புதிதாக வந்த ஆளின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். அவனுக்குக் கடல் இன்னும் வயிற்றில் உட்காரவில்லை. ஆகஸ்டில் இறங்க வேண்டிய என்னைக் கிறிஸ்துமஸ் வரை இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டு. திட்டுவதற்காகவாவது நீளமாக எழுதுவாய்.

உன்,
ஆண்டனி


சாந்தோம்
30 ஜூலை 2024

அன்புள்ள மாமா,

ஒட்டடை துடைத்தாயிற்று. கிறிஸ்துமஸ் வரை என்று படித்ததும் ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அழுதேன். பிறகு எழுந்து அத்தையிடம், குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது. இப்போதெல்லாம் இப்படித்தான், மாமா. எதற்குக் கோபம் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. தூக்கம் கிட்டவே வருவதில்லை. அத்தை பதிலுக்குக் கத்தாமல் என்னையே பார்த்தார். அவர் கத்தாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் இருக்கிறதாம், சர்க்கரையும் ஏறியிருக்கிறதாம். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. "சோத்தக் குறைம்மா, பீச்சுல நட" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். சோறு ஏற்கெனவே ஒரு கரண்டிதான். நடக்கிறேன். லூப் ரோட்டில் நடக்கும்போது வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள் என் வயிற்றைப் பார்க்கிறார்கள். ஒருத்தி வாய்விட்டே கேட்டாள், "எத்தினி மாசம்?" என்று. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அத்தை காதுக்குப் போய்விட்டது. மறுநாள் மார்க்கெட்டில் அத்தை அவளை வாங்கிய வாங்கு பட்டினப்பாக்கம் வரை கேட்டிருக்கும்.

மேல் உதட்டில் முடி வளர்கிறது. தாடையிலும். நானே த்ரெடிங் செய்துகொள்கிறேன், இரண்டே நாளில் திரும்பி வருகிறது. ஆடி பிறப்பதற்கு முன்பு ஒரு மணப்பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேற யாராவது இல்லையா?" என்று குல்ஷன் அக்காவிடம் கேட்டார். அக்கா என் பக்கம்தான் பேசினார். ஆனால் அன்று மாலை, "கொஞ்ச நாள் உள்ளே இரு காவேரி, மருதாணி கலக்குறது, துணி துவைக்கிறது பாத்துக்கோ. உடம்பு தேறட்டும்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன். உள்ளே கண்ணாடி இல்லை. அது ஒரு சௌகரியம்.

மேசையில் லேசாக இடித்தால்கூட கை கன்றிப்போய் நீலமாகிறது. யாரோ அடித்தது மாதிரி இருக்கிறது என்று பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டார். புருஷன் கப்பலில் இருக்கிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
காவேரி


டர்பன் துறைமுகம்
17 ஆகஸ்ட் 2024

என் அன்பு காவேரிக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல தடவை எழுதி அழித்தேன்.

கப்பல் கரையில் நின்றதும் ஃபோனில் செய்திகள் கொட்டின. பெரியப்பா மகன் ஒன்று அனுப்பியிருந்தான். "அண்ணி முழுகாம இருக்காங்கன்னு குப்பத்துல பேசிக்கிறாங்க, உனக்குத் தெரியுமா?" என்று. நான் அவனுக்குப் பதில் போடவில்லை. பிறகு உன் ஜூலை கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வயிறு, கோபம், அழுகை, வீடியோவில் வராதது.

காவேரி, நான் வீட்டில் இல்லாத மனுஷன். கல்யாணமான நாலு வருஷத்தில் உன்னோடு இருந்தது ஒன்றரை வருஷம் இருக்குமா? தனியாக இருக்கிறவளுக்கு என்ன நடந்திருந்தாலும் அதில் எனக்கும் பங்கு உண்டு. ஏதாவது இருந்தால் என்னிடம் சொல். யார் என்று கேட்க மாட்டேன். கத்த மாட்டேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பிள்ளை என்றால் அது நம் வீட்டுப் பிள்ளை. நீ பயந்துகொண்டு தனியாக இருக்காதே. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

எதுவும் இல்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன்,
ஆண்டனி


சாந்தோம்
20 ஆகஸ்ட் 2024

ஆண்டனி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபோனில் வந்ததைக் கிழிக்க முடியாது.

நீங்கள் என்னைத் திட்டி எழுதியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நான் செய்யாத ஒன்றுக்கு நீங்கள் மன்னிப்பை அனுப்பிவைத்திருக்கிறீர்கள். அதை நான் எங்கே வைப்பது? வெளியே பத்துப் பேர் பேசினார்கள். அவர்கள் என்னைத் தெரியாதவர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அவர்கள் சொன்னது நடந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் அவ்வளவு நல்லவராக இருந்திருக்கிறீர்கள்.

எனக்கு மாதாமாதம் வருவது ஏப்ரலிலேயே நின்றுபோனது. டெஸ்ட் செய்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. என்னவென்று எனக்கே தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன். உங்களிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தேன்.

இனி எழுத வேண்டாம்.

காவேரி


இந்தியப் பெருங்கடல்
25 ஆகஸ்ட் 2024

காவேரி,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு வேலையில் ஒரு வால்வைத் தவறாகத் திருப்பி, இரண்டாம் இன்ஜினியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது எனக்குத் தேவைதான். நான் உன்னிடம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருக்க வேண்டும். நீ எழுதியதில் பாதிக்கு மேல் உடம்புதான் இருந்தது. நான் அதைப் படிக்காமல் வேறு எதையோ படித்திருக்கிறேன்.

ஏப்ரலிலிருந்து நின்றிருக்கிறது, கை கன்றுகிறது, படி ஏற முடியவில்லை. இது சோறு குறைத்தால் போகிற விஷயம் இல்லை. என் மேல் கோபத்தை வைத்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

ஆண்டனி


சலாலா துறைமுகம்
14 செப்டம்பர் 2024

காவேரி,

நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "அவ தூங்கி எத்தினி நாளாச்சி தெரியுமா? நீ தூங்கினியா?" என்று கேட்டார். தூங்கினேன் என்றேன். "அப்ப வாய மூடிக்கினு இரு. அவளா எழுதுவா" என்று வைத்துவிட்டார். என் அம்மா உன் அம்மாவாகிவிட்டார். நல்லது. உனக்கு ஒருவர் இருக்கிறார்.

மாதா கோயிலில் உனக்காக மெழுகுவர்த்தி வைத்தாராம். வரும் வழியில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கும் போய், "அவ உன் ஊட்டுப் பொண்ணுதான, நீயும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஆண்டனி


சென்னை, ஆஸ்பத்திரி வார்டு
6 அக்டோபர் 2024

மாமா,

அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச இப்போது தெம்பு இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பார்லரிலிருந்து வரும்போது லஸ்ஸில் பஸ்ஸைவிட்டு இறங்க வேண்டும். எழுந்தேன், கால் வரவில்லை. மரத்துப்போகவில்லை, வலிக்கவும் இல்லை, வெறுமனே தூக்க முடியவில்லை. கண்டக்டர், "இன்னாம்மா, எறங்கு எறங்கு, பின்னால வண்டி நிக்குது" என்று கத்தினார். அப்படியே படியில் சரிந்துவிட்டேன். அதே கண்டக்டர்தான் இன்னொருவரோடு சேர்ந்து என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, "பயப்படாத தங்கச்சி" என்று அனுப்பிவைத்தார்.

ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு பாதாளத்துக்கு இறங்கியிருந்ததாம். அதனால்தான் கால் வேலைநிறுத்தம். டியூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண், டாக்டர் இஃப்ரா. என் வயிற்றைப் பார்த்தாள். நாவல்பழ நிறத்தில் அகலமான கோடுகள் இருந்தன, நான் யாரிடமும் காட்டியதில்லை. "பிரசவமானப்போ வந்ததாக்கா?" என்றாள். "எனக்குக் குழந்தையே இல்ல மேடம்" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "போன வருஷம் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

நம் கல்யாண நாளுக்கு மெரினாவில் எடுத்ததைக் காட்டினேன். அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க குண்டாகல. உங்களுக்கு ஏதோ ஆயிருக்கு" என்றாள். மாமா, அந்த இடத்திலேயே நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். இத்தனை மாதமாக எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். இவள் ஒருத்திதான் என் முகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

சுரப்பி நோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெரிய டாக்டர் கஸ்தூரிரங்கன், மயிலாப்பூர்க்காரர், மெதுவாகப் பேசுவார். கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி, கார்டிசால் என்ற ஒன்றைச் சுரக்குமாம். பயம், காய்ச்சல், ஆபத்து என்றால் அது கூடும், பிறகு இறங்கிவிடும். எனக்கு இறங்கவே இல்லை. "உங்க உடம்பு ஒரு வருஷமா சண்டைக்குத் தயாரா நின்னுண்டிருக்கும்மா. ஆனா எதிர்ல யாரும் இல்லை. எவனோ தப்பா மணி அடிச்சிண்டே இருக்கான். அவன் எங்கே ஒளிஞ்சிண்டிருக்கான்னு தேடணும்" என்றார். முகம் உப்பியது, முடி, சர்க்கரை, பிரஷர், தூக்கமின்மை, மாதவிலக்கு நின்றது, அத்தையிடம் கத்தியது எல்லாம் அதன் வேலைதானாம். கத்தியதுமா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பரிசோதனைக்கு ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடிக்க வேண்டும். அத்தை அந்தக் கேனுக்குக் காவல் இருந்தார். துப்புரவு செய்ய வந்தவர் நகர்த்தப் போனபோது, "தொடாத! அது டாக்டரு கேட்டது!" என்று வார்டே அதிரக் கத்தினார். பக்கத்துக் கட்டில் பெண்கள் சிரித்து ஓய்ந்தார்கள்.

மணி அடிப்பவன் பெரும்பாலும் மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பியில்தான் இருப்பானாம். ஸ்கேனில் அங்கே ஒன்றும் இல்லை. தொடையிலிருந்து மெல்லிய குழாயைத் தலை வரை ஏற்றி அங்கிருந்தே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே இல்லவே இல்லை. உடம்பில் வேறு எங்கோ இருக்கிறான். இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை கார்டிசாலை அடக்க மாத்திரை தருகிறார்கள்.

காவேரி


மலாக்கா நீரிணை அருகே
8 அக்டோபர் 2024

காவேரி, என் காவேரி,

கேப்டனிடம் போய் நின்றேன். என்ன கேட்பது என்று எழுதி வைத்துக்கொண்டு போனேன், தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவராகவே, "வீட்டில் என்ன?" என்றார். அழுதுவிட்டேன். மாற்று ஆள் வரும்வரை விட முடியாது, நவம்பர் பாதிக்குள் மறுபடி சிங்கப்பூர் வரும்போது இறக்கிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நீந்தித்தான் வர வேண்டும்.

உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒன்றே ஒன்று. சிங்கப்பூர் போனதும் நெட் கிடைக்கும். ஒரு போட்டோ அனுப்பு. இப்போது இருக்கிற மாதிரியே. உன்னைப் பார்த்து நாளாயிற்று.

அந்த டாக்டர் பெண்ணுக்கு என் வணக்கம் சொல். அந்தக் கண்டக்டர் பெயர் தெரியுமா? வந்ததும் தேடிப் பிடிக்கிறேன்.

உன் ஆண்டனி


சென்னை, ஆஸ்பத்திரி வார்டு
27 அக்டோபர் 2024

மாமா,

கிடைத்துவிட்டான்.

இடது நுரையீரலில், சுண்டு விரல் நுனி அளவு. ஏதோ மருந்தை ஏற்றிவிட்டு எடுக்கும் ஸ்கேனில் அந்த ஒரு இடம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி எரிந்ததாம். நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று பெயர். நரம்புக்கும் சுரப்பிக்கும் நடுவில் பிறந்த செல்களாம். மூளை அனுப்ப வேண்டிய உத்தரவை அது தானே தயாரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. "புற்றுநோயா சார்?" என்று அத்தை கேட்டார். கஸ்தூரிரங்கன் சார் பூசி மெழுகவில்லை. "அந்தக் குடும்பம்தான். ஆனா ரொம்ப மெதுவா வளர்ற வகை. வேற எங்கேயும் பரவின மாதிரி தெரியலை. நுரையீரல்ல அந்தப் பகுதியை எடுத்துட்டா நல்லாயிடுவான்னு நம்பறேன்" என்றார்.

நவம்பர் 14 ஆபரேஷன். நீங்கள் அதற்குள் வர முடியாது என்று தெரியும். அத்தை இருக்கிறார். குல்ஷன் அக்கா தினமும் பார்லரை மூடிவிட்டு வருகிறார். நேற்று வந்து என் முகத்தில் த்ரெடிங் செய்துவிட்டுப் போனார். "ஆபரேஷன் தியேட்டருக்குப் போற பொண்ணு நீட்டா போவணும்" என்றார்.

போட்டோ அனுப்ப மாட்டேன். கோபத்தில் இல்லை. எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மன்னிக்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதீர்கள். நான் மன்னித்துவிடுவேன் என்று எதிர்பார்த்தும் வராதீர்கள். சும்மா வாருங்கள்.

காவேரி


சிங்கப்பூர் விமான நிலையம்
14 நவம்பர் 2024

காவேரி,

இறங்கிவிட்டேன். அம்மாவோடு பேசினேன், உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். நீ இதை இப்போது படிக்க மாட்டாய். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. நாளைக் காலையில்தான் விமானம். சும்மா வருகிறேன்.

ஆண்டனி


சூயஸ் கால்வாய்
12 ஜூலை 2025

என் அன்பு காவேரிக்கு,

கால்வாயில் வரிசையில் நிற்கிறோம். இரண்டு பக்கமும் மணல். உன் மாத்திரை எப்படி இருக்கிறது? குறைக்கக் குறைக்க மூட்டு வலிக்கிறது என்று அம்மா சொன்னார். தோல் உரிவது நின்றதா?

கரையில் இருந்த ஆறு மாதமும் எனக்குப் போதவில்லை. ஆபரேஷன் முடிந்தால் நீ எழுந்து ஓடுவாய் என்று நினைத்தேன். கட்டி போனதும் உடம்புக்குக் கார்டிசாலே இல்லாமல் போய், நீ துணி மாதிரி கிடந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தூங்கிப்போன சொந்தச் சுரப்பி எழுந்திருக்க மாசக் கணக்கில் ஆகும், அதுவரை மாத்திரைதான் என்று டாக்டர் சொன்னதை நீ அமைதியாகக் கேட்டாய். நான்தான் வெளியே போய் நின்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் உன் தலையை வாரிவிட்டேன், கஞ்சி வைத்தேன், கைப்பிடித்து மாடி ஏற்றினேன். நாம் எல்லாம் பேசினோம். ஆகஸ்ட் கடிதத்தைப் பற்றி மட்டும் நீ பேசவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. நேரில் கேட்க முடியாததைக் கடலில் வந்து கேட்கிறேன். உடம்பு முடியாததால், வேறு வழி இல்லாமல் என்னோடு இருந்தாயா? இப்போது உனக்கு உடம்பு தேறிக்கொண்டு வருகிறது. எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன். அந்த வரியை இன்னொரு முறை எழுத மாட்டேன். எனக்கு நீ வேண்டும், காவேரி. அவ்வளவுதான்.

உன்,
ஆண்டனி


சாந்தோம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

முதலில் நல்ல சேதி. வியாழக்கிழமை காலை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் சுரப்பி விழித்துக்கொண்டது. இனி தினமும் மாத்திரை வேண்டாம். காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் மட்டும் கொஞ்ச நாள் போட வேண்டுமாம். ஸ்கேனிலும் புதிதாக ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி கஸ்தூரிரங்கன் சார் எழுந்து நின்று கைகூப்பினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கூப்பினேன். இஃப்ரா மேடம் என்னைக் கட்டிக்கொண்டாள். மே மாதத்திலிருந்து மற்றதும் ஒழுங்காக வருகிறது.

பார்லரில் மறுபடி முன்வரிசை. நேற்று சர்ச்சில் கல்யாணமான ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம். முடித்ததும் கண்ணாடியில் அவளையும் பார்த்தேன், என்னையும் பார்த்தேன். கன்னம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இருக்கட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேறு வழி இல்லாமல் இருந்தேனா? இல்லை. ஆகஸ்டில் உங்கள் கடிதம் வந்த அன்று நான் உங்களை விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம்கூட. ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அந்த முடிவு என்னோடுதான் இருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

நீங்கள் வந்த நாளைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாத ஒரு பகுதி அதில் இருக்கிறது.

தோளில் கப்பல் பையோடு வார்டுக்குள் வந்தீர்கள். அத்தை மருந்து வாங்கப் போயிருந்தார். நெஞ்சில் குழாயோடு நான் படுத்திருந்தேன். நீங்கள் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். என் கட்டிலுக்கு வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். யாரோ பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. தாண்டிப் போய்விட்டீர்கள். கடைசிக் கட்டில் வரை போய்த் திரும்பி வந்து, இன்னொரு முறை என்னைத் தாண்டினீர்கள்.

நான் கூப்பிடவில்லை. குழாய் வைத்த தொண்டை வலித்தது, ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. சரி, இதுவும் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது நீங்கள் நர்ஸிடம் கேட்டது காதில் விழுந்தது. "சிஸ்டர், எங்க வீட்டுக்காரம்மா, காவேரி. நேத்து ஆபரேஷன்."

"நேத்து ரெண்டு காவேரி சார். உங்களுது எப்படி இருப்பாங்க?"

நீங்கள் சொன்னீர்கள்: "இப்ப எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாது சிஸ்டர். ரொம்ப வாயடிப்பா. கோவம் வந்தா மட்டும் பேச மாட்டா. பொய் சொல்லவே வராது அவளுக்கு. அது தெரிஞ்சும் ஒருவாட்டி நான் முட்டாத்தனமா கேட்டுட்டேன். அவளப் பாத்தா அது தெரிஞ்சிடும் சிஸ்டர், மூஞ்சி எப்படி இருந்தாலும்."

அந்த நர்ஸ், "சார், இத வெச்சி நான் எப்படி கட்டில் நம்பர் சொல்றது?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். தையல் போட்ட விலா கிழிகிற மாதிரி வலித்தது, நிறுத்த முடியவில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் நீங்கள் திரும்பினீர்கள்.

நான் கேட்கிறேன் என்று தெரியாமல் நீங்கள் சொன்னது அது, மாமா. என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது இல்லை. அதனால்தான் நம்பினேன். என் முடிவை அந்தக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இருக்கவில்லை. உங்களுக்கு இருந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருஷம் கழித்துப் பார்க்கிறீர்கள். பையைக் கீழே போட்டுவிட்டு, இந்த உப்பிய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்டியா?" என்றீர்கள். மூக்கில் ஆக்சிஜன், நெஞ்சில் குழாய், கையில் ஊசி. சாப்பிட்டேனா என்று கேட்கிறீர்கள்! சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்கவில்லை.

இன்று சாப்பிட்டேன், மாமா. சோறு, சங்கரா மீன் குழம்பு, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் சாப்பிட்டீர்களா?

உங்கள்
காவேரி